பச்ச உடம்பு

(போடிநாயக்கனூரில் தோட்டத் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசக் கூப்பிட்டப்ப, தலைப்பு என்னன்னு கேட்டாங்க. பிரசவத்துல உடம்பு கிழிஞ்சு, அடி தள்ளி, அப்படியே வேலைக்குப் போற பொம்பளைகளப் பத்திப் பேசறேன்னு சொன்னேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அந்தத் தோழர் ‘பெண்கள் நலம்’னு போட்டுக்கலாமான்னு கேட்டாரு. நோட்டீசுல அப்படித்தான் அச்சாகியிருக்கு. பரவாயில்ல. சாதிய ஒழிக்கணும்னு சுவத்துல எழுதற நமக்கே சில வார்த்தைகள எழுதக் கை கூசுது. அந்தக் கூச்சத்துலேயிருந்தே ஆரம்பிக்கலாம்.

நான் டாக்டர் இல்ல. நர்ஸ் படிப்பு படிச்சவ. எங்க அம்மா ஏலத்தோட்டத்துல காய் எடுக்கப் போன மனுசி. இந்த ரெண்டு தகுதியில பேசறேன்.

போடியில விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும். இருட்டோட ஜீப்புங்க வரிசையா நிக்கும். தூக்குச்சட்டி, கொங்காணி, கையில மடிச்ச சாக்கு. ஏத்தற அளவுக்கு மேல ஏத்தி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுல கேரளத்துக்குள்ள நுழைஞ்சு பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பஞ்சோலைன்னு பிரிஞ்சு போகும். சாயங்காலம் அதே ஜீப்புல இறங்கணும். அந்தக் குலுக்கல்ல போற உடம்புகள்ல எத்தனை உடம்பு பிள்ள பெத்து ரெண்டு மாசம் ஆகாத உடம்புன்னு யாராவது எண்ணியிருக்கோமா? ஜீப்பு கவுந்தா எண்ணுவோம். செத்தவங்க இத்தனை, அடிபட்டவங்க இத்தனைன்னு பேப்பர்ல வரும். கவுறாம போய்த் திரும்புற ஜீப்புல நடக்கறது கணக்குல வராது.

காய் எடுக்கற வேலையத் தெரியாத மாணவர்களுக்காகச் சொல்றேன். தேயிலை மாதிரி நின்னுக்கிட்டுப் பறிக்கறது இல்ல ஏலக்காய். ஆள் உயரத்துக்கு மேல செடி நிக்கும், ஆனா காய் உச்சியில காய்க்காது. அடித்தூர்லேருந்து சரம் கிளம்பித் தரையோட படர்ந்து கிடக்கும். அப்ப காய் எடுக்கறவ தூர்கிட்ட குத்தவைக்கணும், இல்லன்னா இடுப்ப ஒடிச்சுக் குனியணும். சரத்த விலக்கி, முத்துன காயா பாத்து ஒவ்வொண்ணா எடுக்கணும். அப்புறம் அடுத்த தூர். இது சரிவு நிலம், மழைக்காலம், கால்ல அட்டை. அந்தியில பச்சைக்காய் மூட்டைய நிறுவை போடற இடத்துக்குத் தூக்கணும். பச்சைக்காய்ல தண்ணி சத்து அதிகம், காஞ்ச காய் மாதிரி இல்ல, கனக்கும்.

பிள்ள பெத்தவளுக்கு நம்ம ஊர்ல ஒரு பேரு இருக்கு. பச்ச உடம்புக்காரி. என்ன அழகான சொல்லு பாருங்க. காயம் ஆறல, சதை இன்னும் கூடல, தொட்டா வலிக்கும், பாத்து நடந்துக்கோங்கன்னு ரெண்டே வார்த்தையில சொல்லிட்டாங்க நம்ம கிழவிங்க. பெரிய ஆஸ்பத்திரியில ‘பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாட்கள்’னு சொல்றதும் அதையேதான். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அடிவயித்துக்குக் கீழ தொட்டில் மாதிரி ஒரு தசைக்கட்டு இருக்கு. கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் எல்லாத்தையும் தாங்கி நிக்கறது அதுதான். பிள்ள வெளிய வரும்போது அது இழுபட்டு, சில பேருக்குக் கிழிஞ்சு தொங்கிப்போயிருக்கும். அது திரும்பக் கூட அதுக்கும் மேல மாசம் ஆகும். அந்த நேரத்துல குத்தவெச்சு முக்கி, மூட்டை தூக்குனா என்ன ஆகும்? தாங்கறது தாங்காது. கீழ வரும். அதுதான் அடி தள்றது.

எங்க அம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. நான் மூணாவது பிள்ள. 1989இல் பொறந்தேன். அந்த வருசம் செப்டம்பர்ல போடியில நடந்த சாதிக் கலவரத்தப் பத்தி உங்களுக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஊர்க்காட்டு வேலை நின்னு போச்சு. பயம். கையில காசில்ல. மலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும்னு நிலைமை. எங்க அம்மா என்னைப் பாட்டிகிட்ட போட்டுட்டு இருபதாவது நாள் ஜீப்பு ஏறிடுச்சு. வீட்டுப் பிரசவம். ஒண்ணரை நாள் வலி. கிழிஞ்சதத் தைக்க ஆள் இல்ல. கலவரத்துல எரிஞ்ச குடிசைய எண்ணுனோம், வெட்டுப்பட்ட ஆளை எண்ணுனோம். எண்ணத்தான் வேணும். எங்க அம்மாவோட காயம் அந்தக் கணக்குல கிடையாது. அந்தக் காயத்துக்கு என் வயசு.

அது எங்ககிட்ட சொல்லவே இல்ல. உக்காரும்போது ஒரு பக்கமா சாஞ்சு உக்காரும். சின்ன வயசுல அது அம்மாவோட பழக்கம்னு நினைச்சேன். பழஞ்சேலையக் கிழிச்சு மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போகும், அதைத் தனியா அலசி, யாரும் பாக்காத இடத்துல காயப்போடும். வெளிய வர்றதக் கையால உள்ள தள்ளிவிட்டுட்டுக் காய் எடுக்கும். நான் நர்ஸ் படிப்பு ரெண்டாம் வருசம் லீவுல வந்திருந்தப்பதான், “ஏத்தா, ஒங்க படிப்புல இதுக்கு ஏதாச்சும் சொல்லியிருக்கா?”ன்னு கேட்டுச்சு. எல்லாப் பாடமும் மறந்து போச்சு எனக்கு.

பிரசவக் காயம்னா ஒண்ணு இல்ல. அடி தள்றது ஒண்ணு. சதை கிழியறது இன்னொண்ணு. போடி ஸ்டோர்ல நம்ம பொம்பளைங்க ஏலக்காய மில்லிமீட்டர் கணக்குல தரம் பிரிக்கற மாதிரி, கிழிசலுக்கும் டாக்டருங்க நாலு தரம் வெச்சிருக்காங்க. ஒண்ணு, ரெண்டு சாதாரணம். மூணாவதுல மலவாயச் சுத்தியிருக்கற தசை கிழியும். நாலாவதுல மலக்குடலே கிழியும். மூணையும் நாலையும் உடனே பாத்து, தெரிஞ்ச கையால தைக்கணும். விட்டுட்டா காத்தும் மலமும் அடக்க முடியாது. நம்ம அக்கா ஒருத்தங்க கல்யாணம், காதுகுத்து எதுக்கும் போறதில்லன்னு சொந்தத்துல பேச்சு. திமிருன்னாங்க. காரணம் இதுதான்னு எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது.

மூணாவது காயம்தான் ரொம்பக் கொடுமை. தலை மாட்டிக்கிட்டு ஒரு நாள், ரெண்டு நாள்னு வலி நீடிச்சா, பிள்ளையோட மண்டைக்கும் தாயோட இடுப்பெலும்புக்கும் நடுவுல மாட்டுன சதைக்கு ரத்தம் போகாது. சதை செத்துப்போகும். பெரும்பாலும் பிள்ளையும் செத்துத்தான் பொறக்கும். நாலஞ்சு நாள் கழிச்சு செத்த சதை கழண்டு விழ, மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல ஓட்டை. சில பேருக்கு மலக்குடல் பக்கமும். அப்புறம் ராவும் பகலும் ஒழுகிக்கிட்டே இருக்கும். ஃபிஸ்டுலான்னு பேரு. சில பேருக்கு நரம்பு நசுங்கி பாதம் தொங்கிப்போகும், நடக்க முடியாது. பிள்ளையும் போயி, புருசனும் விட்டுட்டுப் போயி, நாத்தம்னு ஒதுக்கி வெப்பாங்க. தீண்டாமைன்னா என்னன்னு தெரிஞ்ச சேரிக்குள்ளயே இன்னொரு தீண்டாமை. இதை நாம ஒத்துக்கணும்.

ஆஸ்பத்திரிப் பிரசவம் பரவுன பிறகு தமிழ்நாட்டுல இந்த வகை குறைஞ்சிருச்சு, உண்மை. இப்ப நம்ம நாட்டுல வர்ற ஃபிஸ்டுலாவுல கணிசமானது ஆபரேஷன்ல, கர்ப்பப்பை எடுக்கும்போது, சிசேரியன் பண்ணும்போது மூத்திரப்பையில படற காயத்தால வர்றது. ஆனா அகமலைப் பக்கம் ரோடு இல்லாத குடிகள்லேருந்து கர்ப்பிணிகள டோலி கட்டித் தூக்கிக்கிட்டு இறங்குன சேதியெல்லாம் நாம படிச்சதுதானே. 108 வண்டி 2008இல் வந்துச்சு. வண்டி ரோடு இருக்கற இடம் வரைக்கும்தான் வரும்.

இந்த ஓட்டையத் தைக்கற வித்தை எங்கேருந்து வந்துச்சுன்னு மாணவர்கள் தெரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி. 1845லேருந்து 1849 வரைக்கும் மரியன் சிம்ஸ்ங்கற டாக்டர், அடிமைகளா இருந்த கறுப்பினப் பெண்கள் மேல திரும்பத் திரும்ப அறுவை செஞ்சு பாத்தாரு. மயக்க மருந்து கொடுக்காம. அதுல மூணு பேர் பேரு நமக்குக் கிடைக்குது: அனார்கா, பெட்சி, லூசி. அனார்காவுக்கு மட்டும் முப்பது தடவை. சம்மதம்னு கேட்க சட்டப்படி அவங்க உடம்பே அவங்களுக்குச் சொந்தம் இல்ல. ஒருத்திக்கு ஆபரேஷன் நடக்கும்போது மத்தவங்கதான் பிடிச்சுக்கிட்டாங்க, கூட நின்னு உதவுனாங்க. இந்த வைத்தியத்தோட முதல் நர்சுகள் அவங்கதான்னு நான் சொல்வேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல இருந்த சிம்ஸ் சிலைய 2018 ஏப்ரல்ல எடுத்துட்டாங்க. ஆனா பிரசவ வார்டுல ‘சிம்ஸ் கொண்டா’ன்னா அவர் பேர்ல உள்ள கருவிய எடுத்துக் கொடுக்கணும். நானும் எடுத்துக் கொடுத்திருக்கேன். லூசி கருவின்னு ஒண்ணு கிடையாது.

இதுக்கு எதிர்ப்பக்கமா ஒண்ணு சொல்றேன். எத்தியோப்பியாவுல மாமிட்டு காஷேன்னு ஒரு கிராமத்துப் பொண்ணு. பள்ளிக்கூடம் போனதில்ல. 1962இல் முதல் பிரசவத்துலயே இப்படி ஆகி, அடிஸ் அபாபாவுல ஆஸ்திரேலிய, நியூசிலாந்து டாக்டர் தம்பதி ஹாம்லின்கள்கிட்ட வந்து சேர்ந்தா. அங்கேயே தங்கி, படுக்கை விரிக்கறதுல ஆரம்பிச்சு, கருவி எடுத்துக் கொடுத்து, பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டு, கடைசியில ஃபிஸ்டுலா அறுவை செய்யற நிபுணர் ஆயிட்டா. படிச்ச டாக்டருங்களுக்கே சொல்லிக் கொடுத்தா. அந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷனோட நிறுத்தல. சாப்பாடு கொடுத்து உடம்ப தேத்துனாங்க. நடக்க முடியாத காலுக்குப் பயிற்சி, எழுத்துக் கத்துக் கொடுக்கறது. தைச்சும் சரியாகாதவங்களுக்குத் தங்கவும் பிழைக்கவும் தனியா ஒரு கிராமமே வெச்சாங்க. காயம்பட்டவளே வைத்தியம் பண்றவளா மாறுனதுதான் எனக்கு இதுல முக்கியம். வெள்ளைக்கார தருமமா மட்டும் இதைச் சொல்ற கதைகள்ல மாமிட்டு ஓரமாப் போயிடறா.

நம்ம மண்ணுலயும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் 1981இல் தொடங்குன ‘ருவ்செக்’ பெண்கள் அமைப்பு. சுந்தரி ரவீந்திரனோட சேர்ந்து ஆரம்பிச்சவங்க பெரும்பாலும் அந்தப் பகுதி தலித் பெண்கள். கூலிவேலை செய்யற பெண்கள்கிட்டயே உக்காந்து அடி தள்றதப் பத்திக் கேட்டு எழுதுனாங்க, அது 1999இல் வெளிவந்துச்சு. வயசான காலத்துல வர்ற வியாதின்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கறது, கூலிக்காரிக்கு இருபதுகள்லயே வந்திடுது. மகாராஷ்டிரத்துல கட்சிரோலியில ராணி பங் குழுவினர் ரெண்டு கிராமத்துப் பெண்களப் பரிசோதிச்சு 1989இல் ஆய்வு வெளியிட்டாங்க. நூத்துக்கு 92 பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய். அதுல பெரும்பாலானவங்க அதுக்கு முன்னாடி எந்த வைத்தியமும் பாத்ததில்ல. கேக்காததுனால தெரியல, அவ்வளவுதான்.

தீட்டப் பத்தி ஒண்ணு. பார்ப்பனியம் பிரசவ ரத்தத்தத் தீட்டுன்னு சொல்லுச்சு. பெத்தவள மூலையில உக்கார வெச்சுது, தொப்புள்கொடி அறுக்கற கைய இழிந்த கைன்னுச்சு. நாம அத எதிர்க்கறோம். ஆனா கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஆதிக்கச் சாதி வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தீட்டு ஒரு மூலையையும், வேலை செய்யாத முப்பது நாப்பது நாளையும், பத்தியச் சோறையும் கொடுத்துச்சு. அவமானத்தோடதான் கொடுத்துச்சு, இல்லன்னு சொல்லல. நம்ம பொம்பளைக்கு அவமானம் மட்டும் முழுசா கிடைச்சுது, மூலை கிடைக்கல. சேரிக்காரிக்கு அவ்வளவு நாள் தீட்டுக் காக்க முடியாது, ஏன்னா நாத்து நடவும் களை எடுக்கவும் ஆள் வேணும். பெத்த உடம்போட வயல்ல இறங்கும்போது மட்டும் தீட்டு எங்க போச்சு? பண்ணைக்காரனுக்குத் தேவைப்படும்போது சாஸ்திரம் கண்ண மூடிக்கும்.

அதனாலதான் ஓய்வுங்கறது நமக்கு உரிமைப் பிரச்சினை. நான் கண்டுபிடிச்சதில்ல இது. 1928 ஜூலையில பம்பாய் சட்டமன்றத்துல மகப்பேறு நல மசோதா வந்தப்ப, அண்ணல் அம்பேத்கர் எழுந்து ஆதரிச்சுப் பேசுனாரு. பிரசவத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் தாய்க்கு ஓய்வு கிடைக்கறது நாட்டோட நலன், இந்தச் சுமையில பெரும்பகுதிய அரசாங்கம் ஏத்துக்கணும், பொம்பளை உழைப்புல லாபம் பாக்கற முதலாளியும் தப்பிச்சுக்க முடியாதுங்கறதுதான் அவர் வாதத்தோட சாரம். அடுத்த வருசம் அது சட்டமாச்சு. அம்பேத்கர்னா அரசியல் சட்டம், இடஒதுக்கீடு, மதமாற்றம்னு பேசற நம்ம கூட்டங்கள்ல பச்ச உடம்புக்காரிக்காகப் பேசுன அம்பேத்கர் வர்றதே இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்துச்சு, 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் இருந்துச்சு. 2017இல் 12 வார விடுப்ப 26 வாரமா ஆக்குனாங்க, ஏற்கனவே ரெண்டு பிள்ளையோ அதுக்கு மேலயோ இருந்தா 12 வாரந்தான். 2025 நவம்பர்ல இதெல்லாம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள்ள போயிடுச்சு. ஆனா ரெண்டு விஷயம் அப்படியே தொடருது. பிரசவமாகி ஆறு வாரத்துக்கு அந்தப் பெண்ணத் தெரிஞ்சே வேலைக்கு வைக்கக்கூடாது. முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருந்தா சம்பளத்தோட விடுப்புக் கொடுக்கணும்.

அந்த 80 நாள யாரு நிரூபிக்கறது? ஜீப்புல போறவளுக்கு செக்ரோல்ல பேரு உண்டா? ஜீப்புக்காரர்தான் ஆள் கூட்டிக்கிட்டுப் போறாரு, கங்காணி ஆள எண்ணுறாரு, கூலி கைக்கு வருது. இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் இன்னொரு தோட்டம். முதலாளியக் கேட்டா அவ என் தொழிலாளியே இல்லம்பாரு. தோட்டம் கேரளத்துல, அவ ரேஷன் கார்டு தமிழ்நாட்டுல. அந்தப் பக்க அதிகாரிக்கு அவ தமிழ்நாட்டுக்காரி, இந்தப் பக்க அதிகாரிக்கு அவ வேலை செய்யற இடம் எல்லைக்கு அப்பால. மேல போன மூட்டைக்கு மட்டும் எல்லை இல்ல, காஞ்ச காயா இறங்கி வந்து போடியில ஏலத்துக்கு நிக்குது. இந்த ஊர்ல ஏலம்ங்கற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம், ரெண்டுலயும் நம்மாளுக்குப் பங்கில்ல.

தமிழ்நாட்டு அரசோட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி இருக்கு. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018லேருந்து ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபா. இது நல்ல திட்டம், கேலி பண்ண மாட்டேன். இந்தக் காசுல ஒரு மாசம் ஜீப்பு ஏறாம வீட்ல இருந்த பொண்ணுங்கள எனக்குத் தெரியும். ஆனா முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான். எங்க அம்மா மாதிரி மூணாவது பெத்தவ கணக்குல இல்ல. மூணாவது பிரசவத்துல உடம்பு இன்னும் மோசமாத்தான் இருக்கும், அது திட்டம் போட்டவங்களுக்குத் தெரியாதா?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்குது. அதுல ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். தாய் சாவக் குறைச்சதுல நம்ம மாநிலம் முன்னால நிக்குது, அதுக்குப் பின்னால கிராம சுகாதார செவிலியர்களோட உழைப்பு இருக்கு. ஆனா சாகலங்கறது வேற, குணமானாங்கறது வேற. மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்புறாங்க. பிள்ளைக்கு எடை போடறாங்க, தடுப்பூசிக்குத் தேதி குறிச்சுக் கொடுக்கறாங்க. ‘அடக்க முடியுதா? உக்காரும்போது ஏதாச்சும் கீழ வர்ற மாதிரி இருக்கா? புருசன் கூட இருக்கும்போது வலிக்குதா?’ன்னு எத்தனை பேர் கேட்டிருக்காங்க? நானும் நர்சுதான், என்னையும் சேத்துத்தான் சொல்றேன். நாப்பது பேர் வரிசையில நிக்கும்போது கேக்கத் தோணாது.

எங்க அம்மா கதைய முடிச்சிடறேன். நான் வேலைக்குப் போன பிறகு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பாத்த உடனே, “இன்னும் எதுக்கு அது? எடுத்துடலாம்”னாங்க. வேற வழி என்னன்னு யாரும் சொல்லல. எனக்கும் அப்ப அனுபவம் பத்தாது, சரின்னுட்டேன். கர்ப்பப்பைய எடுத்தாங்க. தாங்கற தசைய இறுக்கிக் கட்டற வேலைய ஒழுங்கா செஞ்சாங்களா இல்லையான்னு இன்னிக்கும் எனக்குச் சந்தேகம். ஆறு வாரத்துக்காவது பாரமே தூக்கக்கூடாது, மூணு மாசம் கவனமா இருக்கணும். நான் வெளியூர்ல வேலையில இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியல. கடன். எங்க அம்மா பதினாறாம் நாள் தண்ணிக்குடம் தூக்கி, ஒரு மாசத்துல ஜீப்பு ஏறிடுச்சு. வருசம் திரும்பறதுக்குள்ள மூத்திரப்பை கீழ இறங்கிருச்சு. கர்ப்பப்பை போனதுதான் மிச்சம். “எடுத்தும் எறங்குதே, இன்னும் என்னத்த எடுப்பாக?”ன்னு கேட்டுச்சு.

பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பெண்கள்ல 13,000 பேருக்கும் மேல கர்ப்பப்பை எடுத்திருக்காங்கன்னு 2019இல் மகாராஷ்டிர அரசுக் குழுவோட கணக்கெடுப்புல வெளிய வந்துச்சு. வேலைக்கு இடைஞ்சலா இருக்கற உறுப்ப எடுத்துடறதுதான் வைத்தியம்னா, தோட்டத்துக்கு ஏத்த மாதிரி உடம்ப வெட்டறோம்னுதான் அர்த்தம். வேலைய மாத்தணும்னு யாருக்கும் தோணல. நேபாளத்துல உச்ச நீதிமன்றம் 2008இல் கர்ப்பப்பை இறக்கம் பெண்களோட இனப்பெருக்க உரிமை சம்பந்தப்பட்ட பிரச்சினைன்னு தீர்ப்புச் சொல்லி, அரசாங்கத்த நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு. இங்க அப்படி ஒரு வழக்குப் போட வக்கீல் தோழர்கள் யோசிக்கலாம்.

வேற வழி என்னல்லாம் உண்டு? ஆரம்ப நிலையில இருந்தா தசைப் பயிற்சி. மூத்திரத்த அடக்கற மாதிரி அந்த இடத்த இறுக்கி, அஞ்சு எண்ணற வரைக்கும் பிடிச்சு விடணும். பத்துத் தடவை, நாளைக்கு மூணு வேளை, விடாம மூணு மாசம். மூத்திரம் போகும்போது செய்யக்கூடாது, சும்மா உக்காந்திருக்கும்போதுதான். காசு வேணாம், யாருக்கும் தெரியாது, ஜீப்புல உக்காந்துகூடச் செய்யலாம். அடுத்தது ரிங். உள்ள வெச்சு, கர்ப்பப்பைய ஏந்திப் பிடிக்கற வளையம். குறிப்பிட்ட மாசத்துக்கு ஒருதரம் எடுத்துக் கழுவி, புண்ணு இருக்கான்னு பாத்துத் திரும்ப வைக்கணும். ஆபரேஷன் வேணாம்ங்கறவளுக்கும், இப்ப ஓய்வெடுக்க முடியாதுங்கறவளுக்கும் இது பெரிய உதவி. கர்ப்பப்பைய எடுக்காமலே தூக்கிக் கட்டற ஆபரேஷனும் உண்டு, பம்பாய் டாக்டர் ஷிரோத்கர் பேர்லயே ஒண்ணு இருக்கு. ஒழுகறது புதுசா இருந்தா, உடனே டியூப் போட்டு மூத்திரப்பையக் காலியாவே சில வாரம் வெச்சிருந்தா சின்ன ஓட்டை தானா மூடறதும் உண்டு. அதனால நாள் கடத்தக் கூடாது. நாள்பட்ட ஓட்டையும் பழகின டாக்டர் கையில பெரும்பாலும் ஒரே ஆபரேஷன்ல சரியாகும்.

இன்னொண்ணு, தண்ணி. ஒழுகுற பொம்பளைங்க, அவசரம் வந்தா அடக்க முடியாதவங்க, தண்ணி குடிக்கறத நிறுத்திடறாங்க. தோட்டத்துல கக்கூஸ் இல்ல, பக்கத்து வரிசையில ஆம்பளை நிக்கறான், வேற என்ன செய்வா? தண்ணி குறைஞ்சா மூத்திரம் கெட்டியாகித் தோல அரிச்சுப் புண்ணாக்கும், நாத்தம் கூடும், கல்லு சேரும். அதனால நிறையக் குடிக்கணும். குடின்னு சொல்றது எனக்குச் சுலபம். சரிவுல ஒரு மறைப்பு கட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேக்கறது சங்கத்தோட வேலை. கூலி உயர்வு மனுவுல அது நாலாவது அஞ்சாவது கோரிக்கையா வரும், பேச்சுவார்த்தையில முதல்ல விட்டுக் கொடுக்கறதும் அதத்தான்.

இப்ப தொண்டு நிறுவனங்கள் ‘முழுமையான பராமரிப்பு’ன்னு ஒரு வார்த்தை சொல்றாங்க. நல்ல வார்த்தைதான். உடம்பு, மனசு, வாழ்வாதாரம் மூணையும் சேர்த்துப் பாக்கறது. நான் அதோட சேத்துக் கேக்கறது, அந்த முழுமைக்குள்ள குடத்த யாரு தூக்கறா? ஆபரேஷன் முடிஞ்ச பொம்பளைக்கு மூணு மாசம் புருசன் தொந்தரவு கொடுக்கக்கூடாது, இத யாரு அவன்கிட்ட சொல்றது? கூட்டத்துக்கு முன்வரிசையில உக்காந்து ஜெய்பீம் சொல்ற தோழர்களே, உங்க வீட்ல பச்ச உடம்புக்காரி இருந்தப்ப துணி துவைச்சது யாரு? கை தூக்க வேணாம். உங்க மனசுல வெச்சுக்கோங்க. நாத்தம்னு பொண்டாட்டிய அவ அம்மா வீட்டுக்கு அனுப்புனவர் நம்ம அமைப்புலயும் உண்டு. அவரும் தீண்டாமை ஒழிப்பு மாநாட்டுல பேசுனவர்தான்.

நாங்க ஏழெட்டுப் பேர் சின்னதா ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கோம். பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. காய் பொறுக்கற ஸ்டோர்ல சாப்பாட்டு நேரத்துல உக்காந்து பேசறோம். முதல் நாள் யாரும் வாய் திறக்கல. ரெண்டாவது தடவை எங்க அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போனேன். அதுவா எந்திரிச்சு, “எனக்கு அடி தள்ளி முப்பத்தஞ்சு வருசமாச்சு, ஒங்கள்ல ஆருக்கு?”ன்னு கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே, “எனக்குப் பன்னெண்டு”ன்னாங்க. அப்புறம் வரிசையா வந்துச்சு. இப்ப அம்மா ரிங் வெச்சிருக்கு. நேரா உக்காருது.

பெண்களுக்குச் சின்ன நோட்டு ஒண்ணு கொடுக்கறோம். என்னிக்கு எந்தத் தோட்டத்துக்குப் போனே, எந்த ஜீப்பு, என்ன கூலி, இவ்வளவுதான். படிக்கற பிள்ளைங்க ராத்திரி உக்காந்து எழுதிக் கொடுக்குதுங்க. 80 நாள் சேந்தா அத வெச்சுக் கேக்கலாம். ஜெயிக்குமான்னு தெரியாது, ஆனா கையில ஒரு தாள் இருக்கும். கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்கிட்டா இன்னும் நூறு வீட்டுக்குப் போகலாம். பேரு கொடுக்கறவங்க மேடைக்குப் பக்கத்துல கொடுங்க.

கடைசியா ஒண்ணு. கூட்டம் முடிஞ்சதும் நானும் எங்க அம்மாவும் பின்னால இருக்கற ரூம்ல உக்காந்திருப்போம். பெண்கள் மட்டும் வாங்க. பேரு சொல்ல வேண்டாம், நோட்டுல எழுத மாட்டோம். ஆறு மணி ஜீப்பு பிடிக்கறவங்க முதல்ல வந்துடுங்க.